கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"பாருங்க மெர்ல், உள்ளே போறான்! சிவப்பு பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்ல போட்டுட்டு, சொந்த வீட்டுக்குள்ள போற மாதிரி!"

கழுத்தில் தொங்கிய தன் சிவப்பு பேட்ஜைத் தட்டிக் காட்டினாள் லோர்னா.

மாநில சட்டசபை வாசலில் ஒரு கயிறு. சிவப்பு பேட்ஜ் மாட்டிய லாபிக்காரர்கள், அதாவது ஆதரவு கேட்டு வருபவர்கள், அதைத் தாண்டக் கூடாது. சீட்டு எழுதி வாசல் காவலர் மெர்லிடம் கொடுக்க வேண்டும். உறுப்பினர் மனசு வைத்து எழுந்து வந்தால் உண்டு.

"ட்வைட் பழைய உறுப்பினர்மா. பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தவர்" என்றார் மெர்ல்.

"இப்போ ஆஸ்பத்திரி கம்பெனிக்கு லாபிக்காரன். அப்படி ஆயிட்டா பழைய உறுப்பினரும் வெளியேதான். உங்க விதிப் புத்தகத்துலயே இருக்கு!"

மெர்ல் மேலே விதானத்தைப் பார்த்தார்.

உள்ளே, ட்வைட் நேராக மூத்த உறுப்பினர் ஹாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு பேசினான். தினமும் இதே கூத்து. அவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அவனுக்கு ஹாஸின் காது!

அவள் ஊர் டயாலிசிஸ் கிளினிக்கை அந்தக் கம்பெனி மூடப் பார்த்தது. மூடினால் அவள் அண்ணன் கேரி வாரம் மூன்று தடவை, பனியில் தொண்ணூறு மைல் போக வேண்டும். மூடாமல் தடுக்கும் மசோதா நாளை ஓட்டுக்கு வருகிறது. ஹாஸின் ஒரே ஓட்டில் தொங்குகிறது.

ஹாஸ் இதுவரை அவள் சீட்டுக்கு எழுந்து வராமல் இருந்ததில்லை. அது அவளுக்குப் போதவில்லை. அன்றே சபாநாயகருக்குப் புகார் எழுதிப் போட்டாள்.

மறுநாள் ட்வைட்டைக் கயிற்றருகே நிறுத்தினார் மெர்ல்.

"அஞ்சே நிமிஷம் மெர்ல். இன்னிக்கு மட்டும்."

"மேலிடத்து உத்தரவு சார்."

ட்வைட் தவித்தான். லோர்னாவுக்கு உச்சி குளிர்ந்தது. 'நில்லுடா மவனே, நான் எட்டு வருஷமா நிக்கிறேன்.'

சற்று நேரத்தில் மசோதாவின் புதுப் பிரதி கைக்கு வந்தது. பகீரென்றது. அவசரமாகச் சீட்டு எழுதினாள்.

'மூணாவது பக்கத்துல புதுசா ஒரு வரி சொருகியிருக்காங்க. முப்பது நாள் முன்னாடி சொல்லிட்டு கிளினிக்கை மூடலாமாம். முதல் ஓட்டு அந்த வரிக்குத்தான். வேண்டாம்னு சிவப்பு பட்டனை அமுக்குங்க.'

மெர்ல் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹாஸ் வாங்கினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து வரவில்லை.

ஓட்டுப் பலகையில் ஹாஸ் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. ஒரே ஓட்டில் அந்த வரி மசோதாவுக்குள் ஏறிவிட்டது.

சபை கலைந்ததும் லோர்னா அவரை மறித்தாள். "சீட்டுல அவ்வளவு தெளிவா எழுதினேனே! படிக்கலையா நீங்க?"

ஹாஸ் சீட்டை எடுத்தார். மடிப்புக்கூடப் பிரியவில்லை.

"படிச்சுக் காட்ட ஆள் வரலையேம்மா. உன் மசோதாவுக்குத்தான் ஓட்டுன்னு நினைச்சுப் பச்சையை அமுக்கினேன்."

"என்னது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷமா எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ஆள் தெரியுது, எழுத்து தெரியல. வெளியே தெரிஞ்சா அடுத்த தேர்தல்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ட்வைட்தான் தினமும் வந்து படிப்பான். உன் சீட்டுதான் எப்பவும் முதல்ல. அவன் கம்பெனிக்கு எதிரா இருந்தாலும் ஒரு வார்த்தை விடமாட்டான். அப்புறம்தான் தன் பக்கத்தைச் சொல்வான்."

லோர்னா திரும்பிப் பார்த்தாள். கயிற்றருகே ட்வைட் இன்னும் நின்றிருந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

ஹாஸ் பெருமூச்சு விட்டார்.

"எந்தப் புண்ணியவானோ அவன்மேல புகார் எழுதிப் போட்டிருக்கானாம். யாருன்னு உனக்குத் தெரியுமா லோர்னா?"