வாத்தியார் அளந்த தூரம்

"ரெண்டு கிலோமீட்டர். அதுக்கு மேல ஒரு அடி இருந்தாலும் தனிக்குடித்தனப் பேச்சே வேணாம்!"

வாத்தியார் மேஜைமேல் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரைத் தூக்கி வைத்தார். புவியியல் வாத்தியார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம்தான் அவரை விட்டதே தவிர, அவர் அதை விட்டபாடில்லை. இப்போது கையில் சிக்கிய ஒரே மாணவி, மருமகள்.

அந்தப் பெண் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மாமனார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பார். "ஃபேன் எதுக்கு இவ்வளவு வேகமா ஓடுது?" "போன்ல யாரு?" "அளவு குடுக்க வந்தவ எதுக்கு அப்படிச் சிரிச்சா?" பொறுக்க முடியாமல் ஒருநாள் அவள் கதவைத் தாழ்போட்டாள். மறுநாள் காலையில் தாழ்ப்பாளே இல்லை, நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது.

மகன் மெல்ல வேறு வீடு பார்த்துவிட்டான், ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட குடியிருப்பில். அதற்குத்தான் இந்த இரண்டு கிலோமீட்டர் கண்டிஷன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போய் மேற்பார்வை பார்க்க வேண்டாமா? ஒரு மூச்சில் அதற்கு மேல் நடந்தால் முழங்கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறினால் குமட்டும். ஆட்டோவுக்குக் காசு கொடுக்கக் கை வராது.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன் மாமா" என்றாள் மருமகள்.

"எதுக்கு? மேப் எதுக்கு இருக்கு?"

போன வருஷமும் இப்படித்தான். ஒரு கல்யாணத்துக்கு மேப்பிலேயே தூரம் அளந்து குறுக்கு வழி கண்டுபிடித்தார். மேப்பில் பாலம் இருந்தது. ஆற்றில் இல்லை. குடும்பத்தோடு சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அவர் ஆற்றைத்தான் திட்டினார்.

போன் அடித்தது. மகன். "அப்பா, பன்னண்டு மணிக்குள்ள சொல்லணுமாம். வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறார்."

"நிக்கட்டும். அளந்துட்டுச் சொல்றேன்."

ஒரு நூலை எச்சில் தொட்டு நனைத்து, இந்த வீட்டுப் புள்ளியிலிருந்து ரோடு வளைகிற பக்கமெல்லாம் வளைத்து, அந்த வீட்டுப் புள்ளிவரை படுக்க வைத்தார். பிறகு நூலை எடுத்து ஸ்கேலில் நீட்டினார்.

"நாலு சென்டிமீட்டர். கீழ என்ன போட்டிருக்கு? ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு மீட்டர். அப்போ எவ்வளவு?" திரும்பி மனைவியைப் பார்த்தார். "உன்னைப் போய்க் கேட்டேன் பாரு. கிழக்கு எதுன்னா அடுப்படியைக் காட்டுவ."

மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?" என்றாள்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இங்க ஓரத்துல கறுப்பும் வெள்ளையுமா ஒரு பட்டை இருக்கே. ஒண்ணு, ரெண்டுன்னு கிலோமீட்டர் போட்டிருக்கு. நூலை அதுமேல வெச்சுப் பாத்தா?"

"அது கணக்குத் தெரியாதவங்களுக்குப் போட்டு வெச்சது!"

"அவரு பாக்காத மேப்பா?" மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். "நீ போய் மெஷின்ல உக்காரு."

வாத்தியாருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. போனில் அறிவித்தார். "கரெக்டா ரெண்டு கிலோமீட்டர். கையெழுத்துப் போட்டுடு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அங்க இருப்பேன்னு சொல்லு." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, தன் அளவைத் திறமையைத் தெருவுக்குச் சொல்லப் புறப்பட்டார். தெருவும் பாவம், எத்தனை நாள் கேட்கும்!

அவர் தலை மறைந்ததும் மருமகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"தினம் ரெண்டு வேளையும் வந்துடுவாரு அத்தை. அதுக்கு இங்கயே கிடந்திருக்கலாம். அங்க இருக்கிற தாழ்ப்பாளும் போயிடும்."

"நாலு" என்றாள் மாமியார்.

"என்ன நாலு?"

"நாலு கிலோமீட்டர். உன் புருஷன் கொண்டுவந்த மேப் இந்த மேஜையில அடங்காது. நான்தான் ஜெராக்ஸ் கடையில குடுத்து நீளத்துலயும் அகலத்துலயும் பாதியா சுருக்கினேன். எட்டு சென்டிமீட்டர் ரோடு நாலா சுருங்கிடுச்சு. 'ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு மீட்டர்'ங்கிற எழுத்து மட்டும் எப்படிடி சுருங்கும்? அந்தப் பட்டையும் கூடவே சுருங்கியிருக்கு. நூலை அதுல வெச்சிருந்தா நாலுன்னு காட்டி என் குட்டு உடைஞ்சிருக்கும். நீ வேற அதையே காட்டுற!"

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத்தை... இதெல்லாம் உங்களுக்கு எப்படி?"

"முப்பது வருஷமா இவர் கிளாஸ் மேப் பேப்பரெல்லாம் யார் திருத்தினதுன்னு நெனச்ச?"

"நாளைக்கு நடந்து பாத்தா தெரிஞ்சுடுமே!"

"பாதி வழியில முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு. ஆனா வாயைத் திறக்க மாட்டாரு. அளந்தது அவராச்சே."

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகவா அத்தை இவ்வளவும்?"

"உனக்காகன்னு யார் சொன்னா?" மாமியார் கட்டிலுக்கு அடியில் குனிந்து, துணியெல்லாம் மடித்து அடுக்கி, கயிறும் கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். "அந்த வீட்டுல ஜன்னல் இருக்கிற ரூம் எனக்கு!"