சிபாரிசு

மகன் பேயாண்டிக்கு மில்லில் வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட் முடிந்த மறுநாள் காலையில், பழங்காநத்தத்தில் இருந்த மில் டாக்டர் வெங்கட்ரமணன் வீட்டுக்கே போய்விட்டாள் முத்துத்தாய்.

“சின்னதுல மூச்சிழுப்பு இருந்துச்சான்னு அவன்கிட்ட கேட்டீகளாம்ல?”

“ஆமாம்மா. இல்லவே இல்லைன்னான்.”

“பத்து வயசு வரைக்கும் இருந்துச்சு சார்.” பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நீங்கதான் மனசு வைக்கணும்.”

டாக்டர் சிரித்தார். “பொய் சொன்னதுக்கு வேலை போயிடும்னு பயந்துட்டீங்களா? இப்ப நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. இதையெல்லாம் நான் பார்க்கலை. பாஸ் போட்டுடறேன், போங்க.”

“பாஸ் போட்டுறாதீக சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் அப்பாவுக்கும் சின்னதுல இழுப்புதான். சரியாப்போச்சுன்னு நம்பித்தான் இதே மில்லுல பஞ்சுத் தூசிக்குள்ள நின்னாரு. நாப்பத்தஞ்சு வயசுல, நுரையீரல் கெட்டு செத்தாருன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீக.”

டாக்டர் அந்தச் சீட்டுகளை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். “பையன் உங்க மேல கோபப்படுவானேம்மா?”

“படட்டும் சார். கோவப்படவும் மூச்சு வேணும்ல?”