பச்சை வளையம்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து தூக்கும்போது முறிந்து, இரண்டு பேர்மேல் விழுந்து கொன்ற இரும்புக் குழாய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருந்தது. ஏன் முறிந்தது என்று, முன்பு குழாய்ச் சோதனைப் பிரிவில் இருந்த குமுதவல்லிதான் அறிக்கை எழுத வேண்டும். டெக்னீஷியன் மரியதாஸ் சேற்றைக் கழுவக் கழுவ, சோதனையில் தேறிய குழாய்க்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் வளையம் தெரிந்தது.

"எந்தப் பாவி மேடம் இதப் பாஸ் பண்ணான்? தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

குமுதவல்லி குனிந்தாள். பெயின்ட் காயுமுன் பதிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று அதில் இருந்தது. ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

"தொட்டிருக்காங்க," என்றாள்.

கையுறையைக் கழற்றி, அதே தழும்புள்ள தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

"போட்டோ எடுங்க மரியதாஸ்," என்றாள், விரலை எடுக்காமலே.