கூட ஓடுகிறவன்

"மறுபடியுமா? இப்பத்தானேடா நின்னோம்!"

தீயணைப்பு வீரர் மூச்சிரைக்கக் கத்தினார். கூட ஓடிவந்த டிரைவர் அதைக் காதில் வாங்காமல் மைதானச் சுவரோரம் போய் நின்றுவிட்டார். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற அவருக்கு நிலையத்தில் டேங்கர் என்று பெயர். உடம்பு அப்படி.

"வயிறு காந்துதுடா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

இடுப்புப் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலம் வெளியே வந்தது.

"இந்தா, நீயும் போடு. தனியாத் தின்னா எனக்கு உள்ள இறங்காது."

"நீ ஓட வந்தியா, விருந்துக்கு வந்தியா? அடுத்த வாரம் தகுதி ஓட்டம். தோத்தா என்னைக் கண்ட்ரோல் ரூம்ல போன் எடுக்க உட்கார வெச்சிடுவாங்க. நெருப்புப் பக்கமே விடமாட்டாங்க. உனக்கென்ன, டிரைவருக்கு அந்தக் கவலை இல்ல."

"நீ தின்னாத்தான் நான் தின்னுவேன். நான் தின்னாத்தான் ஓடுவேன். எப்படி வசதி?"

வேறு வழியில்லாமல் வீரர் வாங்கி மென்றார்.

"கொட்டையை இங்க துப்பாதே. குடு" என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட டேங்கர், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தானும் வாயை அசைத்தார்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. வெறும் வயிற்றோடு ஓடினால்தான் உடம்பு உரமேறும் என்பது வீரரின் கட்சி. எவ்வளவு தூரமானாலும் தண்ணீர் மட்டும்தான். ஒருநாள் டேங்கர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னடா இது, உன் வேர்வை கழுவாத கக்கூஸ் மாதிரி நெடி அடிக்குது? ஆளும் துரும்பா இளைச்சுட்டே. ஏதாவது தின்னுட்டு ஓடுடா."

"முதல்ல உன் தொப்பையைக் குறை. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம்தான் டேங்கருக்கு இந்தப் பசி நோய் பிடித்தது.

"சரியான சாப்பாட்டு ராமன். அவனாலேயே நான் தோக்கப் போறேன்" என்று வீரர் நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டேங்கர் அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி.

தகுதி ஓட்டத்தில் வீரர் தேறிவிட்டார். மறுநாள் மருத்துவப் பரிசோதனை.

"போன தடவை ரத்தத்துல யூரியா ஏறிக் கிடந்துச்சு. இப்ப நல்லா இறங்கியிருக்கே" என்றார் டாக்டரம்மா. "ஓட்டத்துக்கு நடுவுல ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"பேரீச்சம்பழம். நானா விரும்பி இல்ல டாக்டர், கூட ஓடுறவன் தொல்லை."

"நல்ல தொல்லைதான்! ரொம்ப தூரம் ஓடும்போது உடம்புல சேர்த்து வெச்ச மாவுச்சத்து தீர்ந்துட்டா, உடம்பு தசையை உடைச்சு, அதுல இருக்கிற அமினோ அமிலத்தை எடுத்து எரிக்கும். அடுப்பு எரியணும்னு வீட்டுக் கதவைப் பிடுங்கி வெக்கிற மாதிரி. வேர்வையில அம்மோனியா நெடிகூட வரும். பயிற்சி ஆக ஆக உடம்பு கொஞ்சம் சிக்கனம் கத்துக்கும். ஆனா பட்டினி போட்டா எதைச் சிக்கனம் பண்ணும்? அப்படியே விட்டிருந்தா இந்த ஓட்டத்துல பாதியிலேயே சுருண்டிருப்பீங்க."

வெளியே வந்தபோது வீரருக்கு டேங்கர்மேல் முதல்முறையாகக் கொஞ்சம் கனிவு வந்தது. அவன் தீனி ஆசை நமக்கு நல்லதாக முடிந்ததே.

சாயங்காலம் நல்ல பேரீச்சம்பழமாக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு டேங்கர் வீட்டுக்குப் போனார். டேங்கர் டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணா! தேறிட்டீங்களாமே? தானே ஓடி ஜெயிச்ச மாதிரி அவர் ஒரே குதியாட்டம் இங்க."

"எல்லாம் அவன் புண்ணியம்தான் தங்கச்சி. இந்தாங்க, அவனுக்குக் குடுங்க. இதுன்னா உயிரை விடுவானே."

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அவருக்குச் சர்க்கரை இருக்குண்ணா. இனிப்பைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா கொஞ்ச நாளா அந்த ஓட்டப் பையை உதறினா ஒரே பேரீச்சங்கொட்டை. அதை வெச்சு வீட்ல தினமும் சண்டை. 'ஒண்ணுகூட நான் வாயில வெக்கல'ன்னு அடிச்சு சத்தியம் பண்றார். டெஸ்ட் எடுத்துப் பார்த்தா சர்க்கரையும் ஏறல."

வீரர் நீட்டிய பெட்டியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கூடவே ஓடுறவர் நீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்கண்ணா, அத்தனையும் தின்னது யாரு?"