ஒற்றைக் கோலி

"ஏங்க, எதிர்க்கட்சிப் பீப்பாயிலதானே கோலியைப் போட்டீங்க?" நியிமா கணவன் யங்குபாவிடம் கிசுகிசுத்தாள். அந்த நாட்டில் சீட்டுக்குப் பதில் கோலிதான் ஓட்டு; வேட்பாளருக்கு ஒரு பீப்பாய்.

"போட்டுட்டேன். உள்ள மணி டிங்குன்னு அடிச்சதும் உசுரே போயிடுச்சு."

"எந்தப் பீப்பாயில போட்டாலும் அதே மணிதான். நல்ல ஆம்பளை!"

"மாளிகைக் காவலர்களான எங்க சாவடியில வேற எவன் ஜனாதிபதிக்கு எதிரா போடுவான்? எண்ணும்போது ஒத்தைக் கோலி பல்லைக் காட்டும். தொலைஞ்சேன்."

மாலையில் யங்குபாவின் கண்ணெதிரே பீப்பாய்களைக் கவிழ்த்தார்கள். ஒன்றிலிருந்து கோலிகள் கொட்டிக்கொண்டே இருந்தன. இன்னொன்றிலிருந்து ஒரே ஒரு கோலி உருண்டு வந்தது. அது ஜனாதிபதியின் பச்சைப் பீப்பாய்.

நாடு முழுக்க அவர் தோற்றுவிட்டதாக ரேடியோ சொன்னது. யங்குபாவுக்கு அது காதில் ஏறவேயில்லை. தோளில் துப்பாக்கியோடு நின்ற தோழர்களையே பிரமித்துப் பார்த்தான். மாளிகைக் காவலர்கள் அத்தனை பேரும் அவனைப் போலவே தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள்!

காவலர்களுக்கென்றே வைத்த அந்தச் சாவடியில் வெளியாள் ஒருவர்தான் ஓட்டுப் போட்டிருந்தார். அந்த ஒற்றைக் கோலி அவருடையது.

ஜனாதிபதியுடையது.