மெல்லிய தீ

"காப்பி குடிக்காம இந்த வீட்டை விட்டு யாரும் போனது கிடையாது தம்பி. உக்காருங்க."

எழுந்துவிட்ட இவானோ மறுபடி உட்கார்ந்தான். நுன்ஸியாத்தாவின் மகன் சபீனோவோடு வடக்கே டுரின் நகரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பனாம். வந்ததிலிருந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், கதவை ஒட்டிய நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான்.

காப்பி குடித்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். அது தெரிந்துதான் நுன்ஸியாத்தா காப்பிக் கெண்டிக்கடியில் தீயைக் குறைத்தாள். பிறகு இன்னும் குறைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கெண்டியைத் தூக்குவதே பெரும் பாடாக இருந்தது. வெறும் அசதிதான் என்று மகனிடம் சொல்லியிருந்தாள்.

முன்பெல்லாம் சபீனோ நின்றுகொண்டே சாப்பிடுவான். கீழே மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருக்கும். வாயில் ரொட்டியோடு படியிறங்கி ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை மேசையில் பழம் வரும்வரை அவன் இருந்ததே இல்லை.

இன்று பாஸ்தாவை நிதானமாக மென்றான். தட்டில் ஒட்டிய தக்காளிச் சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டான். ஆரஞ்சை உரித்து, தோலை முகர்ந்து பார்த்தபின்தான் சுளையைப் பிரித்தான். நடுநடுவே மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"வடக்க போனா எல்லாரும் ஓட ஆரம்பிச்சிடுவாங்கன்னு சொல்வாங்க. நீ உக்காரக் கத்துக்கிட்டு வந்திருக்கியேடா."

"அங்க நேரம் நிறைய இருக்கும்மா," என்றான் அவன், தலை நிமிராமல்.

இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று இவானோ மெதுவாக நினைவூட்டினான்.

"உங்க ஊர்ல காப்பியையும் ரயில் மாதிரி ஓடிப்போய்த்தான் பிடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

சபீனோ சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் கெண்டி குமுறிப் பொங்கியது. இதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை. சபீனோ காலிக் கோப்பையை, அதன் சூடு ஆறும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் மகனை இறுகக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். அவன் ஒரு படி இறங்கியதும், பின்னாலேயே நகர்ந்த இவானோவின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்த தடவை என் அடக்கத்துக்குத்தான் இவனை வெளிய விடுவாங்க," என்று அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "அன்னைக்கும் இதே மாதிரி, விலங்கைப் படியிலயே கழட்டிடுங்க தம்பி."