செத்த மாட்டின் தங்கச்சி

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டை ஒழுங்காகப் போடாதது என் தப்புதான். அது சாய்ந்து, மாட்டுக்கொட்டகைத் தட்டியையும் சேர்த்துச் சாய்த்தது. செத்துப்போனதாக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் எழுதித் தர வந்திருந்த மாடு, தட்டிக்குப் பின்னால் வைக்கோல் மென்றுகொண்டு நின்றது.

மாடு செத்தால், கம்பெனி வில்லை மாட்டிய காதை அறுத்து அனுப்பினால்தான் இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். மாட்டுச் சொந்தக்காரர் நாச்சிமுத்து அனுப்பிய இடது காது உப்புத் தடவி என் பையில் இருந்தது. எதிரே நின்ற மாட்டுக்கு இடது காது இல்லை, கட்டு மட்டும் இருந்தது. என் உத்தியோகத்திலேயே கிடைத்த நல்ல துப்பு. அதையும் ஸ்கூட்டர்தான் கண்டுபிடித்தது.

“இது வேறைங்க சார். செத்ததோட தங்கச்சி,” என்றார் நாச்சிமுத்து.

“காது எங்கே?”

“பொறக்கறப்பவே இல்லீங்க.”

“அப்புறம் கட்டு எதுக்கு?”

“பொறவு நாயி கடிச்சுப்போட்டுதுங்க.”

“இல்லாத காதையா?”

“நாயிக்கு என்னங்க தெரியும்?”

எனக்குத் தலை வலித்தது. செத்தது என்று எழுதினால் என் வேலை போகும். மோசடி என்று எழுதினால் இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார். மாடோ என்னைப் பார்த்து அசைபோட்டது.

அவர் மனைவி சம்பூரணம் அதன் கழுத்தைத் தடவியபடி நின்றிருந்தாள்.

“அம்மணி, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க,” என்று கெஞ்சினேன்.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை.

“அறுத்தது நானுங்க சார். இவரு தீவனத்துல விஷம் வெக்கச் சொன்னாருங்க. நான் காதோட நிறுத்திட்டனுங்க.”